வேலையும் வேண்டும், ஏரியும் வேண்டும்: ஜீடிமெட்லா வாலிபர்களின் கடமை

கம்பெனிச் சங்கு ஊதும்போதுதான் ஜீடிமெட்லாவில் பொழுது விடிகிறது. காலை ஷிப்டுக்குச் சோற்றுப் பாத்திரத்துடன் விரைகிறவர்களிடையே தமிழ்ப் பேச்சு கேட்பது இங்கு புதிதல்ல. பிழைப்புத் தேடி வந்து, வாடகை வீட்டில் குடியேறி, பிள்ளைகளை இங்கேயே படிக்க வைத்த குடும்பங்கள் பல. அப்பிள்ளைகள் இன்று வளர்ந்து வாலிபர்களாகி விட்டார்கள். வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்கும் இந்தியும் பேசும் அவர்களுக்கு, இதுதான் சொந்த ஊர்.

ஆனால் ஊர்க் காரியம் என்று வந்தால் பெரியவர்கள் தயங்குகிறார்கள். ராத்திரியில் கால்வாய்ப் பக்கம் மருந்து நெடி வீசுகிறது, மனு எழுதப் போகிறேன் என்று மகன் சொன்னால், "நமக்கெதுக்குப்பா ஊர் வம்பு? பிழைக்க வந்த இடத்தில் வாயை மூடிக்கிட்டு இருக்கணும்" என்பார் தகப்பனார். அவர் அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. கம்பெனி மூடப்பட்டால் அடுப்பு எரிவது எப்படி? இந்தக் கேள்விக்குப் பதில் காணாமல், வாலிபர்களைப் பொதுச் சேவைக்கு வாருங்கள் என்று அழைப்பதில் பயனில்லை.

நீர் போகும் வழி

1961இல் ஐ.டி.பி.எல். நிறுவனம் தோன்றி, அதன் மருந்துத் தொழிற்சாலை பாலாநகரில் அமைந்த பிறகு, ஹைதராபாத்தில் மருந்துத் தொழில் வேரூன்றியது. அங்கே தொழில் பழகியவர்களில் சிலர் பின்னாளில் சொந்தத் தொழிற்சாலைகள் தொடங்கினார்கள். ஜீடிமெட்லா, பட்டான்செரு தொழிற்பேட்டைகள் பெருகின. வேலை பெருகியது, கழிவுநீரும் பெருகியது.

ஜீடிமெட்லா, பாலாநகர் பகுதிக் கழிவுகள் நெடுங்காலம் கூகட்பல்லி நாலா வழியாக, 16ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட உசேன் சாகர் ஏரியில் போய்ச் சேர்ந்தன. அங்கிருந்து மூசி நதி, மூசியை நம்பிப் பயிரிடும் நல்கொண்டா விவசாயிகள், கடைசியில் கிருஷ்ணா. ஒரு தொழிற்சாலையின் பின்வாசலில் விடும் தண்ணீர் எத்தனை பேர் வாசலைத் தொடுகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்குப் பரிகாரமாகத்தான் 1980களின் இறுதியில் ஜீடிமெட்லாவில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஏற்பட்டது. நாட்டிலேயே இவ்வகையில் முதலாவதாக வந்தவற்றுள் இதுவும் ஒன்று. தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட வசதியில்லாத சிறு கம்பெனிகள், கழிவை டேங்கர் லாரியில் அங்கே அனுப்பி, அதற்குரிய கட்டணம் கட்டுகின்றன.

மௌனம் வேலையைக் காக்குமா?

தகப்பனார் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ஒழுங்காகக் கட்டணம் கட்டும் முதலாளிக்குச் செலவு கூடுகிறது. இரவோடிரவாகக் கழிவைக் கால்வாயில் திறந்துவிடுகிறவனுக்குச் செலவு மிச்சம். அவனைக் கேட்பார் இல்லையென்றால் நாணயமாக நடப்பவர் நஷ்டப்படுவார். ஒரு நாள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூடும் உத்தரவு போட்டால், முதலில் வீட்டுக்குப் போகிறவன் தொழிலாளிதான். ஆகவே ஆரம்பத்திலேயே தட்டிக் கேட்பது வேலையைக் காக்கும் காரியமே.

பட்டான்செரு இதற்குச் சாட்சி. 1980களில் அங்கே வைத்தியம் பார்த்த டாக்டர் கிஷன் ராவ், நக்கவாகு ஓடை கெட்டு மக்கள் நோயுறுவதை எடுத்துச் சொல்லி, விவசாயிகளோடு சேர்ந்து போராடினார். 1990இல் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. பாதிக்கப்பட்ட கிராமங்களுக்குக் குடிநீரும் நஷ்டஈடும் வழங்க உத்தரவுகள் பிறந்தன. தொழிற்பேட்டை இன்றும் இயங்குகிறது. ஊர் வாய் திறந்ததால் தொழில் அழிந்துவிடவில்லை.

ஏரி தந்த பாடம்

ஜீடிமெட்லா ஏரி எனப்படும் ஃபாக்ஸ் சாகர் நிஜாம் காலத்தில், 1897இல் கட்டப்பட்டது. 2020 அக்டோபர் பெருமழையில் இந்த ஏரி நிரம்பி, அருகிலிருந்த உமாமகேஸ்வரா காலனியில் புகுந்த தண்ணீர் பல நாட்கள் வடியவில்லை. 2015 டிசம்பரில் சென்னை பட்ட பாட்டைப் பார்த்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏரிக்கும் வாய்க்காலுக்கும் உரிய இடத்தை நாம் எடுத்துக்கொண்டால், மழைக் காலத்தில் அது தன் இடத்தைத் தேடி வருகிறது. சென்னையில் அன்று படகும் சோற்றுப் பொட்டலமுமாக ஓடியவர்களில் பெரும்பாலோர் வாலிபர்களே. வெள்ளம் வந்தபின் ஓடும் கால்கள், வருமுன்னும் ஓட வேண்டும்.

மனு எழுதுவது எப்படி?

"நாற்றம் தாங்கவில்லை, ஆவன செய்யவும்" என்று எழுதினால் எந்த அலுவலகத்திலும் அது கட்டோடு கட்டாகக் கிடக்கும். மனுவில் தேதி, நேரம், இடம் மூன்றும் வேண்டும். டேங்கர் எண் தெரிந்தால் எழுதலாம். தெரியாததை ஊகித்து எழுதக் கூடாது. எந்தக் கம்பெனி என்று நிச்சயமாகத் தெரியாமல் பெயர் குறிப்பிடுவது பெரும் தவறு. ஒருவர் பெயரில் போகாமல் காலனிச் சங்கத்தின் பெயரில் பத்துப் பேர் கையெழுத்துடன் போனால், யாருடைய தகப்பனார் வேலைக்கும் பங்கம் வராது. சனத்நகரில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலோ, கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் பிரஜாவாணியிலோ கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.

பதில் வராவிட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க்கு மேற்படாத கட்டணத்தில், மனு என்னவாயிற்று என்று கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

மாணவர் எழுப்பிய குரல்

வாலிபர் சொல் அம்பலம் ஏறாது என்பவர்கள் 2025ஐ நினைத்துப் பார்க்கலாம். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிய காஞ்சா கச்சிபவுலியில், 400 ஏக்கர் நிலத்தில் மரங்களை வெட்ட மார்ச் இறுதியில் புல்டோசர்கள் வந்தன. மாணவர்கள் எதிர்த்து நின்றார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோரைப் போலீசார் பிடித்துச் சென்றனர். ஏப்ரல் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, வெட்டுவதை நிறுத்தச் சொன்னது. அழிந்த பசுமையை மீட்கத் திட்டம் தரும்படியும் அரசைக் கேட்டது.

பக்கத்து வீட்டு நேசம்

தண்ணீருக்கு மொழியும் மதமும் கிடையாது. தெலுங்கரும் தமிழரும் உருது பேசுவோரும் ஒரே கால்வாயோரம் வாழும் இடத்தில், ஒற்றுமை இல்லாமல் ஒரு மனுவும் நகராது. 2023 செப்டம்பர் 28 அன்று விநாயகர் சிலைகளைக் கரைக்கும் விழாவும் மிலாது நபியும் ஒரே நாளில் வந்தன. ஹைதராபாத் முஸ்லிம் பெரியவர்கள் தங்கள் ஊர்வலத்தை அக்டோபர் 1க்கு ஒத்தி வைத்தார்கள். நகரம் நிம்மதியாக இருந்தது. 2024லும் அவ்வாறே ஊர்வலம் தள்ளி நடந்தது. பந்தல் போடும் நம் பிள்ளைகள், இதற்குக் கைம்மாறாகக் களிமண் பிள்ளையாரை வைத்து, ஏரியைக் கெடுக்காமல் கரைத்தால் அதுவும் ஒரு மரியாதைதான்.

2015 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபை 2250ஆம் தீர்மானத்தில், சமாதானம் காப்பதில் வாலிபருக்குப் பங்கு தர வேண்டும் என்று உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டது. நியூயார்க்கில் சொன்னதை நம் சந்தில் நடத்திக் காட்டுவது நம் கையில் இருக்கிறது.

ஓட்டு எங்கே?

ஒன்று மட்டும் பாக்கி. 1989இல் வாக்குரிமை வயது 21லிருந்து 18ஆகக் குறைந்தது. இங்கே குடியிருக்கும் பலர், பெயரை ஊர்ப் பட்டியலிலேயே வைத்துவிட்டுத் தேர்தலன்று இரண்டு இடத்திலும் ஓட்டுப் போடாமல் இருக்கிறார்கள். வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில் பெயர் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. புதியவர்களுக்கு 6ஆம் படிவம், இடம் மாறியவர்களுக்கு 8ஆம் படிவம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் 18 நிரம்புவோர் சேரலாம். இரண்டு ஊரிலும் பெயர் வைத்துக்கொள்வது குற்றம் என்பதை மறக்க வேண்டாம்.

ஓட்டு உள்ள தெருவுக்குத்தான் கவுன்சிலர் வருவார். ஆதலால், அடுத்த முறை மகன் மனு எழுத உட்கார்ந்தால், தகப்பனார் தடுக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, தேதியும் நேரமும் சரிதானா என்று பார்த்து, முதல் கையெழுத்தைத் தாமே போடட்டும்.