டார்ஜிலிங் செல்லுமுன்

கல்கத்தாவின் கோடைப் புழுக்கம் மிகும்போதெல்லாம் தமிழர்களாகிய நமக்கு உதகையும் கோடைக்கானலும் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும் அவை நெடுந்தொலைவில் உள்ளன. நமக்கு வடக்கே, இரவில் சியால்தாவில் வண்டி ஏறினால் மறுநாள் நண்பகலில் சென்று சேரத்தக்க மலைநகர் ஒன்று இருக்கின்றது. அதுவே டார்ஜிலிங்.

பவானிபூரிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் வாழும் நம்மவருள் அங்குச் சென்று வந்தோர் பலர். ஆனால் அவர்களைக் கேட்டால், புலி மலையில் சூரியோதயம் பார்த்தோம், தேயிலை வாங்கினோம், குளிரில் நடுங்கினோம் என்று மூன்று செய்திகளோடு முடித்துவிடுகிறார்கள். நகரைக் கண்டவர்கள் சிலரே. காரணம், பயணச் சீட்டு வாங்குவதையே பயண ஏற்பாடு என்று நாம் கருதிவிடுவதுதான். எக்காலத்தில் செல்வது, எவ்வழியிற் செல்வது, எத்தனை நாள் தங்குவது, அங்கே யாரைக் காண்பது என்னும் நான்கு வினாக்களுக்கும் வீட்டிலேயே விடை தேடிக்கொண்டு புறப்படுதல் நலம்.

முதலாவது, காலம். டார்ஜிலிங் கடல் மட்டத்திற்குமேல் சுமார் 6,700 அடி உயரத்தில் உள்ளது. உதகையோ 7,300 அடிக்கும் மேற்பட்டது. அப்படியானால் உதகைக்குப் போதிய கம்பளி இங்கும் போதுமே என்று எண்ணுதல் கூடாது. உதகை நிலநடுக் கோட்டிலிருந்து 11 பாகையில் உள்ளது. டார்ஜிலிங் 27 பாகையில், பனிமலைகளின் அருகில் உள்ளது. ஆதலால் உயரம் குறைந்தும் மார்கழி, தை மாதங்களில் குளிர் மிகுதி. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெருமழை. அப்போது பனிமுடிகள் கண்ணுக்குத் தென்படா; சாலைகளில் மண் சரிவதும் உண்டு. உலகின் மூன்றாவது உயர்ந்த சிகரமாகிய காஞ்சன்ஜங்காவை, 28,169 அடி உயர்ந்த அதன் முழு உருவத்தோடு காண விரும்புவோர்க்கு அக்டோபர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் வரையுள்ள நாட்கள் சிறந்தவை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் மலர்களைக் காணலாம். பூஜை விடுமுறையில் செல்வோர் ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும். அக்டோபர் தொடக்கத்திலும் மழை ஓய்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. 1968-ஆம் ஆண்டு அக்டோபரில் பெய்த மழை மலைச்சாலையைப் பல இடங்களில் அறுத்தெறிந்தது. 2025-இலும் அதே மாதத்தின் தொடக்கத்தில் மண்சரிவு உயிர்களைக் கொள்ளை கொண்டது. ஆகவே திரும்பும் சீட்டுக்கு முன்பாக ஒரு நாளேனும் கையிருப்பாக வைத்துக்கொள்வது அறிவுடைமை.

இரண்டாவது, வழி. சியால்தாவிலிருந்து புறப்படும் இரவு வண்டிகள் காலையில் நியூ ஜல்பைகுரியை அடைகின்றன. அங்கிருந்து மோட்டாரில் மூன்று நான்கு மணி நேரத்தில் மலையேறிவிடலாம். இரண்டடி அகல இருப்புப்பாதையில் ஓடும் சிறு ரயிலோ, 88 கிலோமீட்டரைக் கடக்க ஏழு மணி நேரத்திற்கு மேல் எடுத்துக்கொள்ளும். 1881-இல் டார்ஜிலிங் வரை நிறைவேறிய இப்பாதை 1999-இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நம் நீலகிரி ரயிலும் 2005-இல் அவ்வரிசையிற் சேர்ந்தது. ஆனால் இரண்டும் மலையேறும் முறை வேறு. நீலகிரியில் கல்லாறு முதல் குன்னூர் வரை பற்சட்டம் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதனைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. டார்ஜிலிங் பாதையிற் பற்சட்டம் இல்லை. வண்டி ஓரிடத்தில் வட்டமிட்டுத் தன் பாதையைத் தானே தாண்டிச் செல்கிறது. மற்றோரிடத்தில் முன்னே சென்று, பின்னே தள்ளி, மீண்டும் முன்னே சென்று உயரத்தை எட்டுகிறது. முழுத் தொலைவும் செல்ல நேரமில்லாதவர்கள் டார்ஜிலிங்கிலிருந்து 7,407 அடி உயரத்திலுள்ள கூம் வரையேனும் சென்று வரலாம். சீட்டை முன்னதாகவே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, நாட்கள். மூன்று இரவுகளுக்குக் குறைந்தால் செல்வதில் பெரும் பயனில்லை. ஏறிச் சேர்ந்த அன்றே ஓடியாடித் திரிதல் வேண்டா. ஊர் முழுவதும் படிகளும் சரிவுகளுமே ஆதலால் முதியோர்க்கு மூச்சு வாங்கும். நெஞ்சுநோய் உடையவர்கள் புறப்படுமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவேண்டும். முதல் நாள் மாலை சௌரஸ்தா என்னும் நாற்சந்தியில் அமர்ந்து ஊரைப் பார்த்தாலே போதும். இரண்டாம் நாள் இமயமலையேறும் பயிற்சி நிலையத்தையும், அதனை அடுத்துள்ள பத்மஜா நாயுடு விலங்குக் காட்சிசாலையையும் காணலாம். எவரெஸ்ட் வெற்றிக்குப் பின் 1954-இல் தொடங்கப்பெற்ற அந்நிலையத்தில் டென்சிங் பயிற்சித் தலைவராக இருந்தார். அவருடைய சமாதியும் அங்கேயே உள்ளது. காட்சிசாலை வியாழக்கிழமைகளில் மூடப்படுவது வழக்கம். மூன்றாம் நாளைக் கூமிலுள்ள பழைய பௌத்த மடத்திற்கும், திபெத்திய அகதிகள் 1959-இல் நிறுவிய கைத்தொழில் நிலையத்திற்கும் ஒதுக்கலாம். அங்கே கம்பளம் நெய்யும் முதியோரின் கைகளை நின்று பார்க்கவேண்டும்.

நான்காவது வினாவே முதன்மையானது. அங்கே யாரைக் காண்பது?

நாம் நாள்தோறும் நடக்கும் தெருக்களிலிருந்து டார்ஜிலிங்கிற்குச் சென்றோர் மூவரை முதலில் நினைத்துக்கொள்ளலாம். பவானிபூரிலுள்ள சித்தரஞ்சன் சேவா சதனம் தேசபந்து தாஸ் நாட்டிற்கு ஈந்த இல்லத்தில் எழுந்தது. அவர் 1925 ஜூன் 16-ஆம் நாள் டார்ஜிலிங்கில் 'ஸ்டெப் அஸைட்' என்னும் வீட்டில் உயிர் நீத்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே காந்தியடிகள் அங்குச் சென்று அவரோடு தங்கியிருந்தார். எல்ஜின் சாலையில் நேதாஜி பவனத்தைக் கண்டவர்கள், மலையேறும் வழியில் கர்சியாங்கை அடுத்த கித்தா பஹாரில் இறங்கவேண்டும். 1936-இல் நேதாஜி காவலில் வைக்கப்பட்டிருந்த, அவர் தமையனார் சரத் சந்திர போஸின் மலைவீடு அங்கே காட்சியகமாக விளங்குகின்றது. மூன்றாமவர் சகோதரி நிவேதிதை. நம் பாரதியார் தம் குருவாகக் கொண்டு 'ஸ்வதேச கீதங்கள்' நூலை 1908-இல் காணிக்கையாக்கியது இவ்வம்மையாருக்கே. இவர் 1911 அக்டோபர் 13-ஆம் நாள் டார்ஜிலிங்கின் ராய் வில்லாவில் மறைந்தார். அவ்வில்லம் இன்று இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பில் உள்ளது. பாரதியைப் படித்த தமிழர் ஒருவர் இவ்வீட்டின் வாயிலைக் காணாமல் திரும்புதல் தகாது.

இனி, அவ்வூரில் இன்று வாழ்பவர்கள். தேயிலைத் தோட்டம் என்றதும் நமக்கு வால்பாறையும் நீலகிரியும் இலங்கையின் மலையகமும் நினைவுக்கு வரும். ஊர் விட்டு ஊர் சென்று, காடு திருத்தி, பிறர் அருந்தும் தேநீருக்காக முதுகிற் கூடை சுமந்தோரின் வரலாறு நம் வரலாறும் ஆகும். டார்ஜிலிங் தோட்டங்களில் அவ்வாறு உழைத்தோரிற் பெரும்பாலோர் நேபாளத்தின் கிழக்குப் பகுதியிலிருந்து வந்தோரின் வழியினர். லெப்சாக்களும் பூட்டியாக்களும் அவர்களுக்கு முன்பிருந்தே அம்மலைகளில் வாழ்பவர்கள். பல மொழியினரான அவர்களையெல்லாம் இணைக்கும் பொதுமொழியாகிய நேபாளி, 1992-இல் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. இராமாயணத்தை நேபாளியில் பாடிய பானுபக்தரின் சிலை சௌரஸ்தாவில் நிற்கிறது. அவர் பிறந்த நாளை ஜூலை 13-இல் ஊரே கொண்டாடுகின்றது. கம்பரைப் போற்றும் நாம் அச்சிலையின் முன் ஒரு கணம் நிற்பது பொருத்தமே.

வட மாநிலங்களில் நம்மை எவரேனும் 'மதராசி' என்று அழைத்தால் நமக்கு உள்ளம் சுருங்குகிறது. நாம் தமிழர், நமக்கென்று ஓர் ஊரும் பேரும் உண்டு என்று திருத்துகிறோம். அங்ஙனமே மலைமக்கள் அனைவரையும் 'பகதூர்' என்றும் 'காஞ்சா' என்றும் கூப்பிடுவதும், நீங்கள் எந்த நாட்டினர் என்று வினவுவதும் அவர்களைப் புண்படுத்தும். அவர்கள் இந்நாட்டுக் குடிமக்கள். படையிற் சேர்ந்து உயிர் கொடுத்தோரின் நினைவுத்தூண் பத்தாசியா வளைவிலேயே நிற்கின்றது. நேபாளியில் அண்ணனை 'தாஜு' என்பர். அக்காவை 'தீதி' என்பர். 'நீ' என்பதற்கும் 'தாங்கள்' என்பதற்கும் தமிழில் எத்துணை வேறுபாடு உண்டோ, அவர்கள் மொழியிலும் அத்துணை உண்டு. 'தபாயிம்' என்னும் மரியாதைச் சொல் ஒன்றைக் கற்றுச் சென்றாலும் கடைவீதியில் முகம் மலர்வதைக் காணலாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். மழை மிகுந்த அவ்வூரிற் குடிநீர் அரிது. பெய்யும் மழை சரிவுகளில் ஓடி மறைந்துவிடுகிறது. செஞ்சல் ஏரிகளிலிருந்து நீர் கொண்டுவரும் ஏற்பாடு, ஊர் சிறிதாயிருந்த ஆங்கிலேயர் காலத்தில் அமைந்தது. கோடை விடுமுறைக்கு முந்திய மாதங்களில் மக்கள் குடங்களோடு ஊற்றுக்களில் காத்து நிற்கின்றனர். விருந்தினர் விடுதியில் வீணாகத் திறந்துவிடும் குழாய் நீர், அக்குடங்களுக்குச் சேரவேண்டிய நீரே. தண்ணீர்க் கஷ்டத்தை அறிந்து வளர்ந்த நமக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.

கம்பளியும் மருந்தும் பயணச் சீட்டும் மறவாமல் எடுத்துச் செல்வோம். அவற்றோடு, நம்மைப் பிறர் எங்ஙனம் அறியவேண்டும் என்று விரும்புகிறோமோ, அங்ஙனமே அவ்வூராரை அறியும் மனத்தையும் கொண்டு செல்வோம். மேகம் மறைத்துக் காஞ்சன்ஜங்கா காட்சி தராத நாளிலும் அப்பயணம் வீண்போகாது.