"ஏம்மா, முருகனுக்கு மட்டும் ரெண்டு பேரு?"

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு சாமி படக்கடை. மயில்மேல் முருகன், இந்தப் பக்கம் வள்ளி, அந்தப் பக்கம் தெய்வானை. ஆறேழு வயதுச் சிறுமி அம்மாவின் கையை இழுத்துக் கேட்டாள்: "ஏம்மா, முருகனுக்கு மட்டும் ரெண்டு பொண்டாட்டி?" அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "சாமியை அப்படியெல்லாம் கேக்கக்கூடாது, கண்ணைக் குத்திடும்" என்றார். பிள்ளையின் முகம் சுண்டிப்போயிற்று.

சமய வகுப்பில் இதற்குப் பதில் தயாராக இருக்கிறது: வள்ளி இச்சா சக்தி, தெய்வானை கிரியா சக்தி, வேல் ஞான சக்தி. அழகான விளக்கம்தான். ஆனால், பிள்ளை தத்துவம் கேட்கவில்லை. குடும்பத்தைப் பற்றிக் கேட்டாள். நம் பழைய புலவர்களுக்கு இந்தக் கூச்சமே இருந்ததில்லை. பரிபாடலின் ஒன்பதாம் பாட்டில் தேவசேனை என்னும் தெய்வானைக்கும் வள்ளிக்கும் சக்களத்திச் சண்டை மூண்டு, தோழிமார்வரை மோதிக்கொள்கிறார்கள். அதே முருகன் பினாங்கின் தண்ணீர்மலையில் தண்டாயுதபாணியாகத் தனித்து நிற்கிறார். தைப்பூசத்துக்கு மலையேறும் பிள்ளை அங்கேயும் ஏன் என்று கேட்கத்தான் செய்யும்.

நாம் மழுப்புவது சாமி கதையை மட்டுமா? பெரியவீட்டுப் பாட்டி, சின்னவீட்டுப் பாட்டி என்ற பேச்சு இங்குள்ள எத்தனையோ குடும்பங்களில் உண்டு. ஊரில் ஒரு மனைவியை விட்டுவிட்டு வந்து, இங்கே இன்னொருத்தியோடு குடும்பம் நடத்தியவர்களும் உண்டு. மலாயாவில் இந்து வழக்கம் அதற்கு இடம் கொடுத்தது. 1976இல் இயற்றப்பட்ட திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1இல் நடப்புக்கு வந்த பிறகுதான், முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பது சட்டமானது. குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். அங்கே தொழும் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு. ஷரியா நீதிமன்ற அனுமதியோடு நான்குவரை மணக்கலாம். பக்கத்துப் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். பேசிக்கொள்ள மாட்டார்களா?

மூடி மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் மோர்மன் சபை சாட்சி. பலதார மணத்தை அது 1890இல் கைவிடுவதாக அறிவித்தது. சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்துக்கு 30 முதல் 40 மனைவியர்வரை இருந்திருக்கலாம், அவர்களில் ஒரு பெண்ணுக்கு 15 வயதுகூட நிறையவில்லை என்று சபையே எழுதி வெளியிட்டது 2014இல்தான். அதைப் பெரியவர்களான பிறகு அறிந்த பலர், சிறுவயதில் தங்களை ஏமாற்றிவிட்டார்களே என்று மனம் உடைந்தார்கள்.

நம் பிள்ளைகளுக்கு அந்த வருத்தம் வேண்டாம். அடுத்த முறை கேட்டால், கண்ணைக் குத்தும் என்று பயமுறுத்தாதீர்கள். "அந்தக் காலத்தில் அப்படி இருந்தது கண்ணு, நம்ம தாத்தா காலத்திலும் இருந்தது. அதனால் பெண்கள் அழுதார்கள். இப்போது நமக்கான சட்டம் அதைத் தடுக்கிறது" என்று சொல்லுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.