வயல் அங்கேயே, பட்டா புதிது

லினக்ஸை மறுபடி நிறுவாமல், இருக்கிற கோப்புகளையும் அழிக்காமல், எக்ஸ்ட்4 கோப்பு அமைப்பிலிருந்து பிடிஆர்எஃப்எஸ்ஸுக்கு மாற முடியுமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். முடியும். ‘ஒரே கட்டளை, பத்தே நிமிடம்’ என்று காணொளிகளில் அளப்பதை மட்டும் நம்ப வேண்டாம். கட்டளை என்னவோ ஒன்றுதான்: பிடிஆர்எஃப்எஸ்-கன்வெர்ட். உள்ளே அது செய்கிற வேலைதான் ரசிக்கத்தக்கது.

கோப்பின் உள்ளடக்கம் வட்டில் இருந்த இடத்திலேயே இருக்கும். எது எங்கே கிடக்கிறது என்ற பதிவேடு மட்டும் மாறும். ஊரை மறு அளவை செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். தாசில்தார் புறம்போக்கில், அதாவது வட்டின் காலி இடத்தில், கொட்டகை போட்டு உட்கார்ந்து, பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதுகிறார். அதனால்தான் நிரம்பி வழியும் வட்டில் இந்த வேலை நடக்காது. அலுவலகத்துக்கென்று சில இடங்கள் கட்டாயம் வேண்டும்: முதல் 1 எம்பி, 64 எம்பி அருகே ஒரு துண்டு, பெரிய வட்டானால் 256 ஜிபி அருகே இன்னொன்று. அங்கே குடியிருக்கும் தரவுக்கு நில ஆர்ஜிதம்தான். மாற்று மனை உண்டு.

அடுத்ததுதான் குறும்பு. பழைய எக்ஸ்ட்4 முழுவதும், அதன் ஏடு உட்பட, புதிய அமைப்புக்குள் ‘எக்ஸ்ட்2_சேவ்டு’ என்ற துணைத்தொகுதியில் ஒரே ஒரு கோப்பாகப் பதிவாகிவிடுகிறது. ஊர் மொத்தத்துக்கும் ஒரு பட்டா. அதே வயலுக்கு உங்கள் பெயரிலும் ஒரு பட்டா. கூட்டுப் பட்டா என்றால் வெட்டுக்குத்து வரும். இங்கே வராது. நீங்கள் ஒரு கோப்பைத் திருத்தினால் பழைய வயலில் ஏர் இறங்காது. புதுப் பயிர் புறம்போக்கில் முளைக்கும், ஏட்டில் உங்கள் பெயருக்கு நேரே சர்வே எண் மாறும். மனம் மாறினால் அதே கருவியால் பின்வாங்கலாம். எக்ஸ்ட்4 மாற்றிய நாளில் இருந்தபடியே எழுந்து வரும். அதன் பிறகு எழுதியதெல்லாம் போய்விடும்.

பிடிஆர்எஃப்எஸ்ஸின் வரலாறு வேண்டுமென்றால்: 2007-ல் ஆரக்கிளில் இருந்த கிறிஸ் மேசன் தொடங்கியது, 2009-ல் கெர்னல் 2.6.29-ல் சேர்ந்தது. 2020-ல் ஃபெடோரா 33 இதை மேசைக்கணினிகளுக்கு இயல்பாக்கியது. ரெட் ஹாட்டோ அதற்கு முன்பே தன் நிறுவனப் பதிப்பு 8-லிருந்து தூக்கிவிட்டது. புகழ்பாடுகிறவர்கள் ஃபெடோரா செய்தியை மட்டும் சொல்வார்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் ரூட் பகுதியை மாற்ற முடியாது. லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, முதலில் எஃப்எஸ்சிகே சோதனை ஓட்டவேண்டும். மாற்றியபின் எஃப்எஸ்டேப், இனிட்ராம்எஃப்எஸ், கிரப் மூன்றையும் சரிசெய்யாவிட்டால் கணினி எழாது. பின்வாங்கும் வசதியை நகல் என்று நினைத்துவிடாதீர்கள்: வட்டு செத்தால் பழையதும் புதியதும் சேர்ந்தே சாகும். வெளி வட்டில் நகல் எப்படியும் எடுக்கத்தான் வேண்டும். எடுத்துவிட்டால், புதிதாக ஃபார்மேட் செய்து திரும்பக் கொட்டிக்கொள்வதே பல நேரம் மேல் என்பேன்.

மாற்றிய சில நாளில், பெரிய கோப்புகளை அழித்தும் இடம் கூடவில்லையே என்று தோன்றலாம். அந்தப் பழைய பட்டா அவற்றை விடாமல் பிடித்திருக்கிறது. எக்ஸ்ட்2_சேவ்டை நீக்கினால் இடம் கிடைக்கும், பின்வாங்கும் வழியும் அத்தோடு அடைபடும்.