எஃகு பிறக்கும் இடம்

வாள் கொல்லனின் பட்டறைக்குள் நுழையுமுன் ஒரு மலையேற வேண்டியிருக்கிறது. ஜப்பானிய வாளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சம்மட்டி ஓசையில் தொடங்கிவிடுவார்கள். சம்மட்டிக்கு அடியில் கிடக்கும் எஃகு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் குறைவு. வாள் கொல்லர்களுக்கான அந்த எஃகு ஷிமானே மாகாணத்தின் ஒகுஇசுமோ மலைகளில், ஜனவரி, பிப்ரவரிக் குளிரில் உருவாகிறது.

அந்த எஃகு பிறக்கும் தத்தாரா என்பது களிமண் உலை. நீளம் சுமார் மூன்று மீட்டர், அகலம் ஒரு மீட்டர், உயரம் இடுப்பைச் சற்றுத் தாண்டும். பார்வைக்கு மாட்டுத் தொட்டிதான். பெரிய வேலையெல்லாம் தரைக்குக் கீழே. ஈரம் ஏறினால் உலையின் சூடு இறங்கிவிடும் என்பதால், மூன்று நான்கு மீட்டர் ஆழம் தோண்டி, கல்லும் மண்ணும் கரியும் அடுக்கிக் காய வைத்திருப்பார்கள்.

அதன்பின் மூன்று பகல், மூன்று இரவு. அரை மணிக்கொரு தரம் இரும்பு மணலும் கரியும் மாறி மாறி விழுகின்றன. மொத்தம் ஏறக்குறைய 10 டன் மணல், 12 டன் கரி. உலைக்குத் தலைவர் முராகே. சுடரின் நிறம் பார்ப்பார். சுவரின் அடியில் உள்ள துளை வழியே உள்ளே கண் வைப்பார். எந்த இடத்தில் எவ்வளவு மணல் தூவலாம் என்று கையாலேயே முடிவு செய்வார். அவர் தூங்குவது அரிது.

இதில் என்னை அசர வைப்பது உலைச் சுவர். அது வெறும் பாத்திரமல்ல, சரக்கின் ஒரு பகுதி. சூட்டில் சுவரின் களிமண் கரைந்து, மணலிலுள்ள அழுக்கோடு சேர்ந்து கசடாக வெளியே ஓடுகிறது. சுவர் கரைய வேண்டும். ஆனால் வேலை முடியுமுன் கரைந்து தீர்ந்துவிடக் கூடாது. மண் முதலில், காற்று அடுத்து, முராகே மூன்றாவது என்று உலைக்காரர்கள் வரிசை சொல்வது சும்மா இல்லை. கடைசியில் மெலிந்துபோன சுவரை இடித்துத் தள்ளினால், கேரா என்னும் இரண்டரை டன் கட்டி செக்கச்செவேலென்று கிடக்கும். அதை உடைத்துத் தரம் பிரித்தால், தமாஹகானே என்ற வாள் எஃகு ஒரு டன்னைத் தொட்டால் பெரிது.

ஒரு காலத்தில் ஜப்பானின் மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் ஆணிக்கும் தேவையான இரும்பில் பெரும்பகுதியை இந்த மலைத்தொடர்தான் கொடுத்தது. மேல்நாட்டு இரும்பு மலிவாக வந்திறங்கியதும் உலைகள் அணைந்தன. பக்கத்திலுள்ள சுகாயா உலை 1921இல் நின்றது. போர்க்காலத்தில் ராணுவ வாளுக்காக மறுபடி மூட்டிய உலையும் 1945இல் அவிந்தது. மிச்சமிருந்த எஃகும் தீர்ந்துபோன பிறகு, கலை வாள் பாதுகாப்புச் சங்கம் 1977இல் இங்கே மீண்டும் தீ மூட்டியது. மண்வெட்டி காப்பாற்றாத உலையை வாள் காப்பாற்றியிருக்கிறது. எனக்கு இதில் சின்ன வருத்தம் உண்டு.

உலைகள் பெருகி எரிந்த அந்தக் காலத்தில் இரும்பு மணலுக்காக மலையையே சரித்து வாய்க்காலில் விட்டு அலசினார்கள். இரும்பு கொஞ்சம், மண் மிச்சம். அது ஹீ ஆற்றில் இறங்கி ஆற்றுப்படுகையை உயர்த்தியது. கீழே வெள்ளம். உழவர்கள் கொதித்ததால், பயிர் இல்லாத குளிர்காலத்தில் மட்டுமே அலசலாம் என்று கட்டுப்பாடு வந்தது. வெட்டித் தீர்ந்த சரிவுகளை வயலாக்கினார்கள். கோயிலும் கல்லறையும் இருந்த இடங்களில் மட்டும் மண்வெட்டி படவில்லை. அவை இன்றும் நெல்லுக்கு நடுவே மேடுகளாக நிற்கின்றன. அந்த வயல்களில் விளையும் நிதா அரிசிக்குச் சந்தையில் நல்ல கிராக்கி.

எஃகை வாங்கிப்போகும் கொல்லர் நினைத்த அளவுக்கு வாள் அடிக்க முடியாது. நீள வாள் என்றால் மாதத்துக்கு இரண்டுதான், சட்டம் அப்படி. அவரிடம் அடுத்த வாரம் போகலாம்.