வாங்க மறுத்த வாடகை

"வீட்டுக்காரர் வாடகையே வாங்க மாட்டேன் என்கிறார், என்ன செய்வது?" என்று நாராயணவனத்தில் குடியிருக்கும் நம் அன்பர் ஒருவர் கேட்டார். கல்யாண வேங்கடேசர் குபேரனிடம் கடன் வாங்கி மணம் முடித்த ஊர்! அந்தக் கடனுக்கே பத்திரமும் சாட்சியும் இருந்ததாகச் சொல்வார்கள்.

ரயில்வே பணியில் நான் திருப்பதியில் இருந்தபோது எனக்கும் இதே கதிதான். பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம் வேறு. பாக்கிக்காரன் ஆக்கிக் காலி செய்ய வைக்கும் உபாயம் அது. வங்கிக் கணக்கு கேட்டு எழுதினேன், பதில் இல்லை. மாதாமாதம் மணியார்டர் அனுப்பினேன். 1960-ஆம் ஆண்டின் ஆந்திர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காட்டிய வழி அதுவே. ஐந்தும் திரும்பி வந்தன. பிறகு 'ஐந்து மாத பாக்கி' என்று வக்கீல் நோட்டீஸ்! 'வாங்க மறுத்தார்' என்று தபால்காரர் எழுதிய தாள்களைக் காட்டியதும் ஓய்ந்தது.

அன்பரிடம் சொன்னேன்: வாடகையை வங்கி வழியே, எந்த மாதத்துக்கு என்று குறித்து அனுப்புங்கள். கணக்கு எண் தராவிட்டால், அதைக் கேட்டுத் தபாலில் எழுதி, நகலையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.