விக்கிப்பீடியாவைக் காப்பது யார், எப்படி?

2001 ஜனவரியில் தொடங்கப்பட்ட விக்கிப்பீடியா, முன் அனுமதி பெறாமல் எவரும் திருத்தலாம் என்ற விதியால் வளர்ந்தது. கட்டுரையை வெறுமையாக்குதல், வசைச்சொல் நுழைத்தல், பொய்த்தகவல் சேர்த்தல் போன்ற விஷமத் தொகுப்புகளுக்கும் அதே விதிதான் வாய்ப்பளிக்கிறது. இவற்றுக்கு எதிரான முதற்காப்பு, ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய வரலாற்றுப் பக்கம் ஆகும். செய்யப்பட்ட மாற்றங்கள் அனைத்தும், செய்தவரின் அடையாளத்தோடும் நேரத்தோடும், அதில் பதிவாகிவிடுவதால், நெடுநேரம் முயன்று ஒருவர் சிதைத்த பக்கத்தை மற்றொருவர் ஓரிரு சொடுக்குகளில் பழைய வடிவுக்கு மீட்டுவிட முடிகிறது.

ஆனால் பிழை கண்ணில் பட்டால்தானே மீட்க முடியும்? அமெரிக்க இதழாளர் ஜான் சைகன்தாலரைப் பற்றி 2005 மே மாதத்தில் எழுதப்பட்ட கட்டுரை, கென்னடி சகோதரர்களின் கொலைகளோடு அவரைத் தொடர்புபடுத்திய பொய்யைத் தாங்கியவாறு நான்கு மாதங்களுக்கும் மேலாக நீடித்தது. அச்செய்தி வெளியானபின், பெயர் பதியாதவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதிய கட்டுரை தொடங்கும் உரிமை அவ்வாண்டு டிசம்பரில் நிறுத்தப்பட்டது. அடிக்கடி சிதைக்கப்படும் பக்கங்களுக்கு அரைக்காப்பு என்னும் ஏற்பாடும் வந்தது. கணக்குத் தொடங்கி நான்கு நாட்களும் பத்துத் தொகுப்புகளும் கடந்தவர்களே அங்கு இன்று அத்தகைய பக்கங்களைத் திருத்த இயலும். கடும் சர்ச்சைக்குரிய பொருள்களில் இவ்வரம்பு 30 நாட்கள், 500 தொகுப்புகள் என உயர்கிறது. பக்கங்களைப் பூட்டவும் நீக்கவும் பயனர்களைத் தடை செய்யவும் அதிகாரம் பெற்ற நிர்வாகிகளைப் பயனர் சமூகமே தேர்ந்தெடுக்கிறது. வெளிப்படையான சிதைவுகளைத் தானியங்கி நிரல்கள் அடையாளங்கண்டு மீளமைக்கின்றன.

இத்தனை இருந்தும், பூட்டைக் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும். எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்த வந்து, நாளடைவில் சிறந்த பங்களிப்பாளராக மாறக்கூடிய வாசகரையும் அது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. அவரை இழப்பது ஒருநாள் விஷமத்தைவிடப் பெரிய இழப்பு. ஜெர்மன் விக்கிப்பீடியா 2008 முதல் இதற்கொரு நடுவழியைக் கையாள்கிறது: புதியவர்களின் திருத்தங்கள் ஏற்கப்பட்டாலும், அனுபவமுள்ள பயனர் ஒருவர் சரிபார்த்த பின்னரே பொது வாசகருக்குக் காட்டப்படுகின்றன. சரிபார்ப்போர் போதிய அளவில் இருந்தால்தான் இம்முறை பயன்தரும். இல்லையேல் நல்ல திருத்தங்களும் தேங்கிவிடும்.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் கண்காணிப்போர் ஆங்கிலத்தைவிட மிகக் குறைவு என்பதால், கவனிக்கப்படாத ஒரு பொய் இங்கு நீண்டநாள் நிலைத்துவிடக்கூடும். ஆகவே, தாம் நன்கறிந்த ஊரையோ துறையையோ பற்றிய கட்டுரைகளைக் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, தவறான மாற்றம் கண்டால் காரணத்தைக் குறிப்பிட்டு மீட்கும் பணியைத் தமிழ் வாசகர்கள் இன்றே ஏற்க வேண்டும்.