வளரிளம் பருவ மனச்சோர்வு: தாமதமாக வந்து சேரும் பிள்ளைகள்

வளரிளம் பருவத்தில் வரும் மனச்சோர்வு, சிகிச்சைக்குக் கட்டுப்படும் ஒரு நோய். சோகமோ, எரிச்சலோ, எதிலும் ஈடுபாடில்லாத நிலையோ இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் நீடித்து, தூக்கம், பசி, படிப்பு, நட்பு ஆகியவற்றையும் கெடுத்தால் மருத்துவம் அதை மனச்சோர்வு என்கிறது. 10 முதல் 19 வயது வரையிலானவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில் 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு இத்தகைய பாதிப்பு தெரியவந்தது. நாற்பது பேர் உட்காரும் வகுப்பறையில் ஏறக்குறைய மூன்று பேர்.

திருவண்ணாமலையிலும், சுற்றியுள்ள செங்கம், போளூர், தண்டராம்பட்டு, ஜவ்வாது மலைக் கிராமங்களிலும் இந்த நோய் பிள்ளைகளை விட்டுவைக்கவில்லை. கவலை தருவது அவர்கள் மருத்துவரிடம் வந்து சேரும் நேரம். மனநலப் பிரிவின் வாசலில் உட்காரும் பிள்ளையின் மணிக்கட்டில் மூன்று நான்கு மந்திரித்த கயிறுகள். அம்மாவின் மஞ்சப்பையில் தலை ஸ்கேன், வயிற்று ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள். எல்லாம் நார்மல். பல மாதமும் கையிலிருந்த பணமும் கரைந்த பிறகு, வேறு போக்கிடம் இல்லாமல்தான் இங்கே வருகிறார்கள். முன்னதாகவே வந்திருந்தால் ஒரு படிப்பு ஆண்டு தப்பியிருக்கும். சிலருக்கு உயிரே தப்பியிருக்கும்.

எப்படி வெளிப்படும்

பெரியவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் அழுகை, பெருமூச்சு, முடங்கிக் கிடப்பது என்று வெளியே தெரிந்துவிடும். பதின்வயதில் அது பெரும்பாலும் கோபமாக வரும். சின்ன வார்த்தைக்குத் தட்டு பறக்கும். தலைவலி, வயிற்றுவலி, மயக்கம் என்று வாரத்துக்கு இரண்டு நாள் பள்ளிக்கு மட்டம். மதிப்பெண் சரிவது, வண்டியைக் கண்மண் தெரியாமல் ஓட்டுவது, பிளேடால் கையைக் கீறிக்கொண்டு முழுக்கைச் சட்டையால் மறைப்பது எல்லாம் இதில் அடங்கும்.

பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். பாட்டியிடம் விடப்பட்ட ஒரு பத்தாம் வகுப்புப் பெண்ணை எடுத்துக்கொள்ளலாம். சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வருகிறது. இரட்டைச் சடை போட்டுக்கொண்டு போனவள் தலையை வாராமலே கிளம்புகிறாள். விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிறன்று வீடியோ காலில் அம்மா கேட்டால், "நல்லாத்தான் இருக்கேன்." பாட்டிக்குக் கண் மங்கல், ஆசிரியைக்கு அறுபது பிள்ளைகள். அவள் மாறிப்போனதைப் பார்த்துச் சொல்ல ஒருவரும் இல்லாததால் நோய் ஓர் ஆண்டு வளர்கிறது.

எதனால்

ஒற்றைக் காரணம் கிடையாது. குடும்பத்தில் முன்பே யாருக்கேனும் இருந்திருக்கலாம். வீட்டில் குடியும் அடியும் இருக்கலாம். பள்ளியில் நிறத்தை, சாதியை, உடம்பைச் சொல்லிக் கேலி நடந்திருக்கலாம். பெரிய இழப்பும் காரணமாகும். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலை அடிவாரத்து வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் பிள்ளைகள். அத்தகைய நிகழ்வுக்குப் பிறகு கூடப் படித்தவர்கள், ஒரே தெருவில் விளையாடியவர்கள் வெளியே தெளிந்தது போலத் தெரிந்தாலும், பல மாதம் கழித்துக்கூட சோர்வு தலைகாட்டலாம்.

ஊர் சொல்லும் காரணங்கள்

"சோறு தண்ணிக்குக் குறை வச்சோமா? இந்த வயசுல என்ன கவலை?" இதுதான் எல்லா வீட்டிலும் முதலில் வரும் பேச்சு. சர்க்கரை நோய் வந்தவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் மனச்சோர்வு வரும். இந்தக் கேள்வியால் நடப்பது ஒன்றே: பிள்ளை அடுத்த முறை வாய் திறப்பதில்லை.

"சாமி பக்தி முத்திப்போச்சு" என்பது இந்த ஊருக்கே உரிய விளக்கம். தனியாகக் குகைப் பக்கம் போய் உட்காருகிறான், பேச்சைக் குறைத்துவிட்டான், சோறு வேண்டாம் என்கிறான் என்றால் உடனே ரமணரைச் சொல்வார்கள். 16 வயதில் மதுரை வீட்டை விட்டு 1896 செப்டம்பர் 1 அன்று இங்கே வந்து சேர்ந்து, பின்னாளில் ரமணர் ஆன வேங்கடராமனின் வரலாற்றைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கிளம்பும் முன் மதுரை வீட்டில் நேர்ந்த மரண அனுபவத்தோடு மரண பயம் அடியோடு விலகியது என்பதே அவர் பின்னாளில் சொன்னது. மனச்சோர்வில் இருக்கும் பிள்ளையிடம் காண்பது இதற்கு நேர் எதிர்: தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம், குற்றவுணர்வு, பயம், பிடித்த பாட்டுகூடக் கசப்பது. இதைத் துறவு என்று பெயரிட்டுத் தள்ளிப்போடுவது பிள்ளைக்கும் நல்லதில்லை, ஆன்மிகத்துக்கும் மரியாதையில்லை.

பேய், செய்வினை, காத்துக் கருப்பு என்று வேப்பிலை அடிக்கும் புகை மூட்டத்துக்கும் பிள்ளைகளை உட்படுத்துவது இன்னும் நிற்கவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்ட பிறகுமா அடித்தும் கட்டியும் சரிசெய்யலாம் என்று நம்புவது? கோயிலுக்குப் போக வேண்டாம் என்று எந்த மனநல மருத்துவரும் சொல்வதில்லை. அதே ஏர்வாடியில் பின்னாளில் வேண்டுதலும் மருந்தும் சேர்ந்து நடக்க அரசே ஏற்பாடு செய்தது. அண்ணாமலையாரைக் கும்பிட்டுவிட்டு அன்றே ஓ.பி. சீட்டும் எடுக்கலாம்.

ஏழரைச் சனி முடியட்டும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. ஏழரை ஆண்டில் பிள்ளையின் பள்ளிப் பருவமே முடிந்துவிடும்.

"கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்" என்பது பெண் பிள்ளைகளுக்குச் செய்யும் கொடுமை. 18 வயதுக்கு முன் திருமணம் சட்டப்படி குற்றம். அதற்கு மேல், நோயோடு புகுந்த வீடு போன பெண் அங்கே கர்ப்பமும் பழிச்சொல்லும் சேர்ந்து இன்னும் ஆழமாக விழுகிறாள். பாலின அடையாளத்திலோ ஈர்ப்பிலோ வேறுபட்ட பிள்ளையை "மாத்திக் காட்டறோம்" என்று சொல்பவரிடம் கூட்டிப்போவதும் இதே வகைத் தீங்குதான். அப்படிப்பட்ட 'சிகிச்சை' கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இலேயே சொல்லிவிட்டது.

சாக வேண்டும்போல் இருக்கிறது என்று சொல்லும் பிள்ளையைக் கோழை என்றும், சும்மா மிரட்டுகிறான் என்றும் ஒதுக்குவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. வாழ்வை வெறுத்து உயிரை விடத் துணிந்த அருணகிரிநாதரை முருகன் தாங்கி ஆட்கொண்டதாக அண்ணாமலையார் கோயிலே நம்புகிறது. கோபுரத்திளையனார் சன்னதியில் அதைச் சொல்லி வணங்குகிறார்கள். அவர் திருப்புகழ் பாடியது அதற்குப் பிறகு. அந்த எண்ணம் வந்தவரை இழிவாகப் பேச இந்த ஊருக்கு நியாயமே கிடையாது. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்ற பயமும் தவறு. கேட்டால் பிள்ளைக்குப் பாரம் இறங்கும். உதவி தேட வழி திறக்கும்.

கடை மாத்திரையும் கைவைத்தியமும்

"தூக்கம் வரல" என்றதும் மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் தூக்க மாத்திரை வாங்கித் தருவதை என்னவென்று சொல்வது? அல்பிரசோலம் வகை மாத்திரைகள் மனச்சோர்வைக் குணப்படுத்தாது, பழக்கத்துக்கு அடிமையாக்கும், வீட்டில் சேர்த்துவைத்தால் ஆபத்தும் கூட. பக்கத்து வீட்டு அக்காவுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பிள்ளைக்குத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். உடம்பு அசதி என்று குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொண்டு, சத்து ஊசி போட்டுக்கொண்டு மாதங்களைக் கழிக்கிறார்கள். 'நரம்புத் தளர்ச்சி' என்று சுவரில் எழுதியிருக்கும் நம்பருக்கு போன் செய்யும் பையன்கள் வெளியே சொல்லாமல் ஆயிரக்கணக்கில் பணத்தைத் தொலைக்கிறார்கள்.

சிவமூலிகை என்று பெயர் வைத்தாலும் கஞ்சா கஞ்சாதான். மனசு லேசாகிறது என்று பிடிக்கத் தொடங்கும் பையனுக்கு, இன்னும் வளர்ந்து முடியாத மூளையில் அது சோர்வை ஆழமாக்குகிறது; சிலருக்கு காதில் குரல் கேட்பது, வீண் சந்தேகம் என்று மனச்சிதைவின் பக்கம் தள்ளிவிடுகிறது. பாதியில் நிறுத்திய மருந்தும் இதே கணக்கில் சேரும். நான்கு வாரத்தில் பிள்ளை சிரித்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டு, மூன்றாம் மாதம் பழைய நிலையில் கூட்டிவருவது சலிக்காமல் நடக்கிறது.

பரிசோதனையும் சிகிச்சையும்

பெரும்பாலும் ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பார்த்தால் போதும். மற்றபடி நோயைக் கண்டறிவது பிள்ளையிடம் தனியாகப் பேசித்தான்.

லேசான சோர்வுக்குப் பெரும்பாலும் கவுன்சலிங்கும், தூக்கம், உணவு, நடமாட்டம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவதும் போதும். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை நன்றாகப் பயன் தருகிறது. நடுத்தர, கடுமையான நிலையில் மருந்தும் சேர வேண்டும். இந்த வயதினருக்கு அதிகம் பரிசோதிக்கப்பட்டு, முதலில் எழுதப்படுவது ஃப்ளூஆக்ஸெட்டின். அது அடிமையாக்காது. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகலாம். தொடங்கிய முதல் சில வாரங்களில் சிலருக்குப் படபடப்போ சாகும் எண்ணமோ கூடக்கூடும் என்பதால் வீட்டார் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். மாத்திரை அட்டை பெற்றோர் கையில் இருக்க வேண்டும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, மருத்துவர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாகவும் இது இலவசம்.

தனக்கென ஓர் இடம்

மருந்து பாதி தூரம் கொண்டுபோகும். மீதிக்கு, தன்னை எதிர்பார்த்து யாரோ இருக்கிறார்கள் என்ற உணர்வு வேண்டும். அமெரிக்கப் பள்ளி மாணவர்களிடம் நடத்தி 1997இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, வீட்டோடும் பள்ளியோடும் ஒட்டுதல் உள்ள பிள்ளைகளுக்கு மனத்துயரமும் தற்கொலை எண்ணமும் குறைவாக இருப்பதைக் காட்டியது. பள்ளி பெரியதா சிறியதா என்பதைவிட, அங்கே தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு பெரியவர் உண்டா என்பதே பிள்ளைக்கு முக்கியம்.

பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானோர் நடக்கும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையோரம் வீடு இருந்தும் ஒரு பிள்ளை தனியாகவே இருக்கலாம். கூட்டம் துணையாகாது. ஆனால் அதே இரவில் அன்னதானக் கூடத்தில் இலை போடும் வேலையையோ தண்ணீர்ப் பந்தலில் குவளை நிரப்பும் வேலையையோ அவனிடம் விட்டு, "அடுத்த மாசமும் நீதான் வரணும்" என்று ஒருவர் சொன்னால் அங்கே அவனுக்கு இடம் உண்டாகிறது. சிறிய குழு, தவறாத நாள், தனக்கென ஒரு வேலை: இந்த மூன்றும் அமையும் எதுவும் உதவும். மாலையில் வாலிபால் ஆடும் திடல், பள்ளியின் என்.எஸ்.எஸ்., மலையில் மரக்கன்று நடப்போகும் குழு, எதுவானாலும் சரி. செய்யாறு பக்கத்துப் புரிசைபோலத் தெருக்கூத்து உயிரோடு இருக்கும் ஊர் இந்த மாவட்டத்துக்குக் கொடுப்பினை. பேச வராத பையனும் தாளம் பிடித்தபடி வட்டத்தில் உட்காரலாம்; வேஷம் கட்டுபவருக்கு முடிச்சுப் போட்டுவிடலாம்; யாரும் அவனை "ஏன் இப்படி இருக்கே?" என்று கேட்க மாட்டார்கள்.

மனசு சரியானதும் போகிறேன் என்று பிள்ளை சொல்லும். இந்த நோயில் அது தலைகீழ். போகத் தொடங்கினால்தான் மனசு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும். முதல் வாரம் பத்து நிமிடம் போய் நின்றுவிட்டு வந்தாலும் போதும். யாராவது ஒருவர் கூடப் போனால் இன்னும் நல்லது. கைப்பேசியில் கிடைத்த நண்பர்களைப் பெற்றோர் இகழ வேண்டாம். ஊரில் ஒருவரும் புரிந்துகொள்ளாத பிள்ளைக்கு அது ஒரு திண்ணை. தூக்கத்தைத் தின்னும்போதுதான் தடுக்க வேண்டும்: இந்த வயதுக்கு எட்டு மணி நேரத் தூக்கமாவது தேவை.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும்

தயவுசெய்து, தினமும் பத்து நிமிடம் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாமல் பிள்ளையோடு உட்கார வேண்டும். புத்தி சொல்ல வேண்டாம், ஒப்பிட வேண்டாம், கேட்டால் போதும். வெளியூரில் வேலை செய்யும் பெற்றோர் வீடியோ காலில் "சாப்டியா?" என்பதோடு நிறுத்தாமல், "ராத்திரி தூங்கினியா? யாரோட பேசின?" என்றும் கேட்க வேண்டும்.

ரிசல்ட் வரும் வாரத்தில் எந்தப் பிள்ளையையும் தனியே விடக் கூடாது. தவறியவர்கள் ஓர் ஆண்டை இழக்காமல் உடனே எழுதத் துணைத்தேர்வு இருக்கிறது என்பதை ரிசல்ட்டுக்கு முன்பே, திரும்பத் திரும்பச் சொல்லிவைக்க வேண்டும். அந்தச் செய்தி ஒரு நாள் முன்னால் காதில் விழாததால் போன உயிர்கள் போதும்.

நிலம் உள்ள வீடுகளிடம் மன்றாடிக் கேட்க வேண்டியது ஒன்று: பூச்சிமருந்தைத் திண்ணையிலும் பரணிலும் வைக்க வேண்டாம். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், சென்னை சிநேகா அமைப்பின் முயற்சியில், பூச்சிமருந்தை ஊர்ப் பொது இடத்தில் பெட்டகங்களில் பூட்டிவைத்துப் பார்த்தார்கள். அந்தக் கிராமங்களில் தற்கொலைகள் குறைந்தன. சாகும் எண்ணம் அலைபோல எழுந்து, பெரும்பாலும் சிறிது நேரத்தில் வடிந்துவிடும். அந்த நேரத்தைக் கடத்த ஒரு பூட்டு உதவும்.

அவசரத்தில்

பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால், விடைபெறுவது போல நடந்தால், பிடித்த பொருள்களை எடுத்துக் கொடுத்தால் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும்; அதுவரை தனியே விடக் கூடாது. 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் தமிழ்நாட்டில் நடக்கும் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. சுகாதாரத் துறையின் 104, குழந்தைகளுக்கான 1098 ஆகியவையும் இருக்கின்றன. இவை கட்டணமில்லாதவை, தமிழில் பேசலாம், பிள்ளையே நேராகவும் கூப்பிடலாம்.

தற்கொலைக்கு முயன்ற பிள்ளையைப் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வீட்டிலேயே வாந்தியெடுக்க வைத்து நேரத்தைக் கழிப்பது உயிரைப் பறிக்கும். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தவர் என்றே கருதித் தண்டனை கூடாது என்கிறது. சிகிச்சையும் மறுவாழ்வும் தருவதை அரசின் கடமையாக்குகிறது. மருத்துவமனையில் நடந்ததை மறைக்காமல் சொன்னால்தான் சரியான முறிவு மருந்து கிடைக்கும். உடம்பு தேறி வீடு திரும்பிய பிள்ளையை ஒரு வாரத்துக்குள் மனநல மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். அடுத்த சில மாதங்கள்தான் ஆபத்து கூடுதலான காலம்.